ஈயம் உருகும் சூடும் காப்பி வெடிக்கும் சூடும்

எங்கள் வீட்டைச் சுற்றி நாற்பது காப்பிச் செடி நிற்கிறது. ஆனால் போன வருடம் வரை எங்கள் அடுப்படியில் இருந்தது கடையில் வாங்கிய தூள், அதுவும் பாக்கெட்டின் பின்பக்கம் பொடி எழுத்தில் 'சிக்கரி 47 சதவீதம்' என்று அச்சடித்தது. வெளியூரிலிருந்து வந்த சிநேகிதி ஒருத்தி அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, ஜன்னலுக்கு வெளியே செடியில் தொங்கிய பழத்தையும் பார்த்துவிட்டு, விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்கு அன்றைக்கு ரோஷம் வந்ததுதான், அதற்கப்புறம் நடந்த புகை, சண்டை, செலவு எல்லாவற்றுக்கும் ஆரம்பம்.

நாங்கள் இருப்பது நீலகிரியின் கடைக்கோடியில், சேரம்பாடிப் பக்கம். சோலாடி செக்போஸ்ட்டைத் தாண்டினால் வயநாடு. முப்பது சென்ட் நிலம், நடுவில் வீடு, சில்வர் ஓக்கில் ஏறிய மிளகுக்கொடி, ஒரு பலா, மிச்ச இடமெல்லாம் ரொபஸ்டா ரகக் காப்பி. பழத்தைப் பறித்து, தார்ப்பாயில் பரப்பி, தோலோடேயே இரண்டு மூன்று வாரம் காயவைத்து, கையில் எடுத்துக் குலுக்கினால் உள்ளே பருப்பு கலகலக்கும் பதம் வந்ததும் சாக்கில் கட்டி வியாபாரியிடம் கொடுத்துவிடுவோம். இதற்கு உண்டக்காப்பி என்று பெயர். விலை பேசுவது 54 கிலோ மூட்டைக் கணக்கில். நல்ல வருடத்தில் எங்களுக்கு ஒன்றரை மூட்டை தேறும். அது போன பிறகு எங்கே போகிறது, யார் வறுக்கிறார்கள், எந்த ஊரில் எந்தத் தம்ளரில் நுரைக்கிறது, ஒன்றும் தெரியாது. காசு வரும், அதில் கொஞ்சம் கொடுத்துத் தூள் வாங்குவோம்.

இதில் இன்னொரு கூத்து, வீட்டில் யாருக்கும் ஒரே பெயர் கிடையாது. தாத்தா, அப்பாயி, அம்மா மூவரும் இலங்கை மலைநாட்டில் இருந்து, 1964-ல் இந்தியாவும் இலங்கையும் போட்ட சாஸ்திரி - சிறிமா ஒப்பந்தத்தில் வந்தவர்கள், அவர்களுக்கு அது கோப்பி. பக்கத்து வீட்டு சேச்சிக்குக் காப்பி. கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் தம்பிக்குக் காபி. தாத்தாவின் தாத்தா கண்டிப் பக்கம் போனதே கோப்பித் தோட்ட வேலைக்குத்தானாம். 1869-ல் இலைத்துரு நோய் அங்கே தலைகாட்டி, அடுத்த இருபது வருடத்தில் கோப்பி அழிந்து தேயிலை வந்துவிட்டது. அப்புறம் எங்கள் ஆட்களுக்குத் தேத்தண்ணிதான். இங்கே வந்தும் தேயிலைத் தோட்டம்தான். ஆக, தலைமுறை தலைமுறையாகக் கோப்பியோடு ஊர் ஊராக வந்தவர்கள் வீட்டில் ஒருத்தருக்கும் அதை வறுக்கத் தெரியவில்லை.

சரி, வறுக்கலாம் என்று உட்கார்ந்தேன். முதலில் உண்டக்காப்பியைப் பருப்பாக்க வேண்டும். மில்லில் கொடுத்தால் மூட்டைக் கணக்கில்தான் எடுப்பார்கள், இரண்டு கிலோவுக்கு மெஷினைப் போட மாட்டார்கள். பழைய உரல் கிணற்றடியில் கவிழ்ந்து கிடந்தது, அதை நிமிர்த்திக் கழுவிக் குத்தினேன். ஓங்கிக் குத்தினால் பருப்பு நொறுங்கும், மெதுவாகக் குத்தினால் தோல் உரியாது. உலக்கையை அதன் எடைக்கே விழவிட வேண்டும் என்பது பத்து நிமிடத்தில் கைக்குப் பிடிபட்டது. முறத்தில் புடைத்து நிறுத்தால், இரண்டு கிலோவில் ஒரு கிலோ பருப்பு. பாதிக்குப் பாதி தொலி.

அதைத் தட்டில் கொட்டிப் பொறுக்குவது இருக்கிறதே, அதுதான் நிஜமான வேலை. கறுத்தது, உடைந்தது, வெள்ளையாகப் பொக்கையானது எல்லாம் தனியே போக வேண்டும். நுனியில் குண்டூசி குத்திய மாதிரி ஓட்டை இருந்தால் அது காய்த்துளைப்பான் வேலை. அந்த வண்டு இந்தியாவில் முதன்முதலில் கண்டுபிடிக்கப்பட்டதே 1990-ல் எங்கள் கூடலூர்ப் பக்கத்தில்தான், பெருமைப்பட முடியாத ஒரு பெருமை. இந்த வேலையில்தான் பீபரியையும் முதன்முதலாக நன்றாகப் பார்த்தேன். ஒரு பழத்துக்குள் இரண்டு பருப்பு முகத்தோடு முகம் ஒட்டித் தட்டையாக இருப்பதுதான் வழக்கம், சில பழத்தில் ஒன்றே ஒன்று மட்டும் பட்டாணி மாதிரி உருண்டையாக இருக்கும். கடையில் 'பீபரி' என்று கூட விலை சொல்லி விற்பார்களே, அது இது. நாற்பது வருடமாக எங்கள் முற்றத்திலேயே உருண்டுகொண்டிருந்திருக்கிறது.

முதல் வறுவல் இரும்பு வாணலியில். கடுகு தாளிக்கிற, தோசை சுடுகிற வீட்டில் இது என்ன பெரிய விஷயம் என்ற திமிர். கால் மணி நேரம் கிளறினேன். வாணலியில் அடிப்பக்கம் மட்டும்தான் சூடு, ரொபஸ்டா தட்டைப் பக்கமாகப் படுத்துக்கொண்டு அந்தப் பக்கத்தைக் கருக்கிக்கொள்கிறது, முதுகு இன்னும் பழுப்பாகவே இருக்கிறது. கிளறும் கை ஒரு விநாடி சோர்ந்தால் போச்சு. கடைசியில் இறக்கியபோது ஒரே வாணலியில் கறுப்பு, காக்கி, செங்கல் நிறம் என்று மூன்று சாதி. அதிலேயே டிகாக்ஷன் இறக்கி சேச்சிக்கு ஒரு தம்ளர் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு, "மோளே, இது காப்பியல்ல, கரியா" என்றார். அம்மா எதுவும் சொல்லவில்லை, அடுத்த நாள் காலையில் பாக்கெட் தூளை எடுத்து முன்னால் வைத்துவிட்டார்.

சேச்சிக்கு இதெல்லாம் பழக்கம். அவருடைய அம்மச்சி காலத்தில் வயநாட்டில் குடியேறிய வீடுகளில் காப்பியை மண்சட்டியில் வறுத்து, இறக்கும் நேரத்தில் கொஞ்சம் உலுவாவும், அதாவது வெந்தயமும், போட்டு, உரலில் இடித்து வைத்துக்கொள்வார்களாம். மண்சட்டி மெதுவாகச் சூடேறி மெதுவாகவே விடும், அதனால் கருகாது என்று சொல்லித் தந்தார். செய்து பார்த்தேன். வாணலிக்கு எவ்வளவோ மேல். ஆனால் ஒரு தடவைக்கு ஒரு பிடிதான் போட முடியும், நாற்பது நிமிடம் ஆகும், அவ்வளவு நேரம் மெதுவாக வெந்தால் காப்பி வறுபடாமல் அவிந்துபோய்ச் சப்பென்று ஆகிறது. வெல்லம் போட்ட கட்டன்காப்பிக்கு அது போதும். எனக்குப் பாலில் நிற்கிற டிகாக்ஷன் வேண்டும்.

அப்போதுதான் உருளை யோசனை வந்தது. பழைய காப்பிக் கடைகளில் கரி அடுப்பின் மேல் கையால் சுற்றும் இரும்பு உருளை வைத்திருப்பார்களே, அதையே சின்னதாகச் செய்தால் என்ன? வீட்டில் பழைய பிஸ்கட் டின் ஒன்று இருந்தது. மூடியிலும் அடியிலும் ஓட்டை போட்டு, குறுக்கே குடைக்கம்பி ஒன்றை விட்டு, பாத்திரத்துக்கு ஈயம் பற்றவைக்க வந்த ஒருவரிடம் கம்பியும் டின்னும் சேரும் இடத்தில் பற்று வைத்து வாங்கினேன். இரண்டு பக்கமும் செங்கல் அடுக்கி, நடுவில் கரி நெருப்பு. என் வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷமாக எதையும் சுற்றியதில்லை.

எட்டாவது நிமிடமோ ஒன்பதாவது நிமிடமோ, நல்ல வாசனை கிளம்பிக் கொட்டை பழுப்பேறிய நேரத்தில், கம்பி மட்டும் சுற்றியது, டின் சுற்றவில்லை. குனிந்து பார்ப்பதற்குள் டின் ஒரு பக்கமாகச் சரிந்து, அரைக் கிலோ காப்பியும் கரிக்குள் கொட்டி, அப்பா, அந்தப் புகை! காயப்போட்டிருந்த துணியெல்லாம் மறுபடி துவைக்க வேண்டியதாயிற்று. அம்மா அன்றைக்குப் பேசியதை எழுதினால் வீட்டு மானம் போகும்.

ராத்திரி உட்கார்ந்து யோசித்தபோதுதான் மண்டையில் உறைத்தது. பற்றுவைக்கும் ஈயக் கலவை 183 டிகிரியிலேயே இளகத் தொடங்கிவிடும். காப்பிக் கொட்டை வறுபட்டுச் சத்தத்தோடு வெடிக்கவே ஏறக்குறைய 195 டிகிரியைத் தாண்ட வேண்டும். அதாவது என் எந்திரம் சரியாக வேலை செய்தால் கழன்று விழுந்தே தீரும், கழன்று விழாமல் இருந்தால் காப்பி வறுபடவில்லை என்று அர்த்தம். கொட்டியது ஒருவிதத்தில் நல்லதுதான், இல்லையென்றால் ஈயம் கலந்த காப்பியை வீட்டுக்கே ஊற்றிக் கொடுத்திருப்பேன். யாராவது இதைப் படித்துவிட்டு டின்னைத் தூக்கிக்கொண்டு கிளம்பினால், தயவுசெய்து பற்றுவைத்த எதையும் காப்பிப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். பெயின்ட் அடித்த டின்னும் வேண்டாம்.

வெல்டிங் பட்டறை அண்ணன் நான் சொன்னதைக் கேட்டுச் சிரிக்கவில்லை, அதற்காகவே அவரை எனக்குப் பிடிக்கும். துத்தநாகப் பூச்சு போட்ட ஜிஐ ஷீட்டில் உருட்டித் தரச் சொல்லிக் கேட்டேன். "அதெல்லாம் ஆகாதும்மா, அந்தப் பூச்சு சூடு பட்டா புகையும், எனக்கே வெல்டிங் வெச்சு ஒரு ராத்திரி முழுக்கக் காய்ச்சல் வந்திருக்கு" என்று சொல்லிவிட்டு, வீட்டில் பழைய எவர்சில்வர் சம்படம் இருந்தால் எடுத்து வா என்றார். அப்பாயி அரிசி போட்டு வைத்திருந்த ஐந்து லிட்டர் சம்படம் கிடைத்தது. எட்டு எம்எம் கம்பியைக் குறுக்கே விட்டு வெல்டிங் வைத்து, ஒரு முனையை இசட் மாதிரி வளைத்துக் கைப்பிடியாக்கி, அதில் பழைய மண்வெட்டிக் காம்பின் துண்டு ஒன்றைச் செருகி, இரண்டு பக்கமும் கம்பி உட்கார ஆங்கிளில் வெட்டுப் போட்ட கால் வைத்துக் கொடுத்தார். உள்ளே இரண்டு பட்டை வைக்கச் சொன்னது நான். வழவழப்பான உருளைக்குள் கொட்டை உருளாமல் சறுக்கிக்கொண்டு அடியிலேயே கிடக்கும், விரலகலப் பட்டை இரண்டு இருந்தால் அதுவே கொட்டையை மேலே தூக்கித் தூக்கிப் போடும். பட்டைக்கு இரண்டு பழைய கரண்டிகளின் காம்பு போயிற்று. மூடிக்கு ஒரு கொக்கி. கூலி ஐந்நூறு ரூபாய். முதல் வறுவலில் கால் கிலோ கொண்டுவந்து தரவேண்டும் என்பது தனி.

இப்போது எப்படிச் செய்கிறேன் என்றால், அரைக் கிலோவுக்கு மேல் போடுவதில்லை. முதலில் வெறும் உருளையை நெருப்பில் சுற்றிச் சூடாக்கி, மேலே ஒரு சொட்டுத் தண்ணீர் தெளித்தால் துள்ளி ஓடும் பதத்தில் பருப்பைக் கொட்டி மூடுகிறேன். நிமிடத்துக்கு நாற்பது ஐம்பது சுற்று, பாட்டு முணுமுணுத்துக்கொண்டு சுற்றினால் கணக்கு சரியாக இருக்கும். முதல் நாலைந்து நிமிடத்துக்கு ஈரப்புல் வாசனை, சில சமயம் நனைந்த சாக்கு வாசனை. பச்சைப் பருப்பில் பத்துப் பன்னிரண்டு சதவீதம் தண்ணீர் இருக்கும், அது போகிற நேரம். அப்புறம் மஞ்சளாகும்போது அரிசி வறுக்கிற வாசனை. பழுப்பேற ஏறப் பேக்கரி வாசலில் நிற்கிற மாதிரி. மூக்கு சொல்வதைக் கேட்டால் போதும், மூடியைத் திறந்து திறந்து பார்க்கக் கூடாது, திறந்தால் சூடு போய்விடும்.

பத்து நிமிடத்தைத் தாண்டியதும் காதைக் கொடுக்க வேண்டும். முதல் வெடிப்பு வரும். பொரி பொரிகிற மாதிரிப் பளீரென்று கேட்கும் என்று எங்கேயோ படித்துவிட்டுக் காத்திருந்தேன், என் ரொபஸ்டா அவ்வளவு சத்தமாகப் பேசாது. பக்கத்து அறையில் யாரோ சுள்ளி ஒடிக்கிற மாதிரி, ஒன்று, கொஞ்சம் விட்டு இரண்டு, அப்புறம் சேர்ந்தாற்போல ஏழெட்டு. உள்ளே தங்கிய நீராவியும் வாயுவும் அழுத்தி அழுத்திக் கொட்டையைப் பிளக்கிற சத்தம் அது. இந்த இடத்தில் கரியை ஒதுக்கித் தீயைக் குறைக்க வேண்டும். இதுவரை நடந்ததெல்லாம் மாட்டுவண்டி வேகம், இனி நடப்பது பஸ் வேகம். வெடிப்பு அடங்கிக் கொஞ்ச நேரம் அமைதி, அப்புறம் 225 டிகிரி வாக்கில் இரண்டாவது வெடிப்பு, இது வேறு சத்தம், காய்ந்த இலையில் தூறல் விழுகிற மாதிரிச் சடசடவென்று மெல்லிசாக. அது கேட்டதும் எண்ணெய் மேலே வந்து கொட்டை பளபளக்கும், புகை நீலமாகும். பில்டர் காப்பிக்கு, இந்த இரண்டாவது சத்தம் ஒன்றிரண்டு கேட்டவுடன் இறக்குவதுதான் என் கணக்கு. அதற்கு முன்னால் இறக்கினால் ரொபஸ்டாவுக்கு ஒரு வேர்க்கடலைத் தோல் ருசி உண்டு, பாலை ஊற்றினாலும் போகாது. பின்னால் போனால் சேச்சி சொன்ன கரி.

இறக்குவது என்றால் தீயிலிருந்து எடுத்து வைப்பது மட்டும் கிடையாது. கொட்டை தன் சூட்டிலேயே வெந்துகொண்டே இருக்கும். அதனால் முறம் இரண்டு தயாராக இருக்க வேண்டும், எக்ஸ்டென்ஷன் ஒயர் இழுத்து டேபிள் பேனை முழு வேகத்தில் வைத்து, அதன் முன்னால் முறத்துக்கு முறம் மாற்றிக் கொட்டினால் மூன்று நிமிடத்தில் கை வைக்கிற சூட்டுக்கு வந்துவிடும். கொட்டையை ஒட்டியிருக்கும் மெல்லிய வெள்ளித் தோல் எல்லாம் அப்போதே பறந்து போகும். எங்கே பறக்கிறது என்று காற்றைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். ஒரு தடவை அது பூராவும் சேச்சி காயப்போட்டிருந்த கொப்பரையில் போய் ஒட்டியது.

அரைக் கிலோ போட்டால் நானூற்றுப் பத்து, பதினைந்து கிராம் வருகிறது. இரண்டு கிலோ உண்டக்காப்பிக்கு எண்ணூற்றுச் சொச்சம் கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அம்மாவுக்கு இந்தக் கணக்கு பிடிக்கவில்லை. 2024-ல் ரொபஸ்டா விலை லண்டன் சந்தையில் எகிறி, இங்கேயும் வியாபாரிகள் வீடு தேடி வந்த நேரம் பார்த்து நான் மூட்டையைப் பிரித்து உரலில் கொட்டினால் யாருக்குத்தான் பிடிக்கும். "விக்கிறத வறுக்குற, வறுத்தத ஊருக்குக் குடுக்குற" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். பட்டறை அண்ணனுக்குக் கால் கிலோ கொடுத்ததைத்தான் அப்படிச் சொல்கிறார்.

அரைப்பதில் இன்னும் எனக்குத் தோல்விதான். மாவு மில்லில் கேட்டேன், அடுத்து மிளகாய் அரைக்க வருகிறவர்கள் சண்டைக்கு வருவார்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டார் மில்காரர். மிக்ஸியில் அரைத்தால் பாதி மாவு, பாதி ரவை. மாவு போய் பில்டர் ஓட்டையை அடைத்துக்கொள்ளும், ராத்திரி ஊற்றி வைத்த வெந்நீர் காலையில் அப்படியே ஆறிப்போய் மேல்தட்டில் நிற்கும். இப்போதைக்கு விட்டு விட்டு நாலு சுற்று ஓட்டி, சலித்து, மேலே நிற்பதை மட்டும் மறுபடி அரைக்கிறேன். மிக மெல்லிய மாவைத் தனியாக எடுத்து வைத்துக் கட்டன்காப்பிக்குப் போட்டுவிடுகிறேன். இன்னொன்று, வறுத்த அன்றைக்கே குடிக்க ஆசையாக இருக்கும், குடிக்காதீர்கள். புதுக் கொட்டை இரண்டு மூன்று நாள் வரை வாயு விட்டுக்கொண்டே இருக்கும். வறுத்த சூட்டோடு பிளாஸ்டிக் டப்பாவில் இறுக்கி மூடி வைத்ததில் நடுராத்திரி மூடி டப்பென்று தெறித்து, பலாவுக்கு யானை வந்துவிட்டது என்று நினைத்து எல்லோரும் எழுந்து உட்கார்ந்தோம்.

ரொபஸ்டாவை மட்டமாகப் பேசுகிறவர்களிடம் எனக்கு ஒரு வழக்கு உண்டு. இன்னொரு காப்பி ரகமான அராபிகாவைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு காபீன், கசப்பு அதிகம், எல்லாம் சரி. ஆனால் எங்கள் ரொபஸ்டாவை எப்படிக் காயவைக்கிறோம், எதையெல்லாம் பொறுக்காமல் மூட்டையில் தள்ளுகிறோம் என்று எனக்கல்லவா தெரியும். மண் தரையில் காய்ந்தது மண்ணாகத்தான் மணக்கும். செடியில் நன்றாகச் சிவந்த பழத்தை மட்டும் பார்த்துப் பறித்துத் தார்ப்பாயில் காயவைத்து வறுத்தபோது, அதே செடி, அதே சம்படம், குடித்தால் கடைசியில் கோக்கோ மாதிரி ஒரு நெடி நாக்கில் நிற்கிறது. சிக்கரி சேர்க்காமலேயே கறுப்பாக, கெட்டியாக இறங்குகிறது.

2019-ல் வயநாட்டு ரொபஸ்டாவுக்குப் புவிசார் குறியீடு கொடுத்தார்கள். எங்கள் பக்கமும் 1877 வரை தென்கிழக்கு வயநாடு என்ற பெயரில் மலபார் ஜில்லாவில் இருந்ததுதான், அப்புறம்தான் நீலகிரியோடு சேர்த்தார்கள். மழை, மண், செடி எல்லாம் ஒன்றுதான், சேச்சியின் அக்கா வீட்டு முற்றத்தில் காய்வது வயநாட்டு ரொபஸ்டா, சோலாடிக்கு இந்தப் பக்கம் என் தார்ப்பாயில் காய்வது வெறும் ரொபஸ்டா. மரநாய்க்கு இந்தக் கணக்கெல்லாம் கிடையாது, இரண்டு பக்கமும் நல்ல பழமாகப் பார்த்துத் தின்றுவிட்டுப் போகிறது.

தம்பி தீபாவளிக்கு வந்தபோது உருளையைப் பார்த்துவிட்டு, பழைய கார் வைப்பர் மோட்டார் ஒன்றை மாட்டினால் கையால் சுற்ற வேண்டாம் என்றான். வேண்டாம் என்றேன். கையால் சுற்றும்போது எடை தெரிகிறது. தொடக்கத்தில் கைப்பிடி கனமாக, இழுத்து இழுத்துச் சுற்றும். தண்ணீர் போய்க் கொட்டை உப்பி வர வர இலேசாகிக்கொண்டே வரும், உள்ளே விழுகிற சத்தமும் சரளைக்கல் மாதிரி இருந்தது சோழி மாதிரி மாறும். மோட்டார் போட்டால் அதன் இரைச்சலில் வெடிப்பே கேட்காது.

போன ஞாயிற்றுக்கிழமை வறுத்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது, எடுத்துப் பேசிக்கொண்டே ஒரு கையால் சுற்றினேன். அம்மா வாசல்படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார், இந்த வேலையின் பக்கமே திரும்பாதவர். "ஏ புள்ள, ரெண்டாவது சத்தம் வந்துருச்சு, கோப்பிய எறக்கு" என்றார், கீரையிலிருந்து தலையைத் தூக்காமல்.